பிள்ளை முகம் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள்: வீட்டுக்குள் படம் எடுப்பது எப்படி?

முலுண்ட் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் பெண்ணுக்கு மூன்றரை மாதம். படம் எடுப்பதில் நானும் அவள் வயதுதான். அவள் பிறப்பதற்கு முன்பே ஆசைப்பட்டு ஒரு பழைய கேனான் 1500டி வாங்கி வைத்தேன். லென்ஸ், அதோடு வரும் 18-55 எம்எம் ஜூம். பிரசவத்துக்குக் கும்பகோணம் போன மனைவியும் பிள்ளையும் மூன்று வாரத்துக்கு முன்புதான் மும்பை திரும்பினார்கள்.

அங்கே முற்றத்தில் பாயைப் போட்டு மச்சினன் போனில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் காலண்டர் மாதிரி இருக்கின்றன. அவனுக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இங்கே நான் தோளில் பட்டை மாட்டிக்கொண்டு எடுப்பதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

வீடு ஒன் பிஎச்கே, இரண்டாவது மாடி. ஹாலில் ஒரே ஜன்னல். வெளியே பாக்ஸ் கிரில், அதில் துளசித் தொட்டி, கொடி நிறையத் துணி. மழைக்காக மேலே நீலத் தாட்பத்ரி, அதாவது தார்ப்பாய், கட்டியிருக்கிறோம். இருபது அடி தள்ளி எதிர் சொசைட்டியின் கட்டடம். மெத்தை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதில் அவளைப் படுக்கவைத்து, பல்பு, டியூப்லைட் எல்லாம் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். ஆட்டோவில் வைத்தால் ஷட்டர் 1/30 விநாடி என்று காட்டுகிறது, கை கால் எல்லாம் கலங்கிப்போகிறது. ஷட்டரை 1/250 வை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வைத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. ஃபிளாஷ் போட்டால் திடுக்கிட்டு அழுகிறாள்.

நேற்று ஒரு படத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் போன். "ஏண்டா, பிள்ளைக்கு மஞ்சள் காமாலையா? டாக்டர்கிட்ட காட்டினியா?" பாதி முகம் அவ்வளவு மஞ்சள். இன்னொரு கன்னமோ கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி நீலம். மூக்கு வேறு அவள் மூக்கைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

50 எம்எம் லென்ஸ் வாங்கலாமா? லைட் வாங்கலாமா? எடுக்கிற ஆளை மாற்றலாம் என்பது மனைவியின் யோசனை.

தாராவி தம்பி:

ரிங் லைட் ஒன்று வாங்கிப் போடுங்கள் அண்ணா, வேலை முடிந்தது. நான் ரீல்ஸ் எல்லாம் அதில்தான் எடுக்கிறேன்.

மாட்டுங்கா பெரியவர்:

தம்பி, ஒன்றும் வாங்க வேண்டாம். ரிங் லைட்டும் வேண்டாம், தாராவித் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்றரை மாதப் பிள்ளை அந்த வளையத்தையே வெறித்துப் பார்க்கும். கண்ணுக்குள் இரண்டு வடை மிதக்கிற மாதிரி படம் வரும்.

ரோல் போட்டு எடுத்த காலத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன் நான். ஒரு ரோலில் 36 படம்தான், பிள்ளை அழுதாலும் 36தான். அதனால் முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கிவரச் சொல்வோம். நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள்.

முதல் வேலை, வீட்டில் எரிகிற எல்லா விளக்கையும் அணையுங்கள். இருட்டாகிவிடுமே என்று பயப்படாதீர்கள். வெளிச்சத்தின் நிறத்துக்குக் கெல்வின் என்று ஓர் அளவு உண்டு, எண் குறைந்தால் மஞ்சள், ஏறினால் நீலம். மஞ்சள் பல்பில் 2700, 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். வெயில் வெளிச்சம் சுமார் 5500. உங்கள் ஜன்னலிலோ அதுவும் நீலத் தாட்பத்ரிக்குள் புகுந்து வருகிறது. வெளிச்சத்தில் ஒரே நிறம் இருந்தால் கேமரா சமாளித்துக்கொள்ளும், பிறகு கம்ப்யூட்டரிலும் திருத்தலாம். ஒரே முகத்தில் இரண்டு நிறம் விழுந்தால் ஒன்றைத் திருத்தத் திருத்த இன்னொன்று மோசமாகும். காமாலையும் கிருஷ்ணரும் அப்படி வந்தவர்கள்தான். குறுக்குப் பட்டையும் விளக்கின் வேலையே. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/250 ஷட்டருக்குத் தெரியும்.

மச்சினனின் ரகசியத்துக்கு வருகிறேன். படத்தை எடுத்தது அவர் இல்லை, முற்றம். தலைக்கு மேலே பெரிய வானம், சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர். எங்கே பாயைப் போட்டாலும் முகத்தில் பூப்போல வெளிச்சம் விழும். உங்களுக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதிலிருந்து பத்தடி தள்ளிப் பிள்ளையைப் படுக்கவைக்கிறீர்கள். ஜன்னலை விட்டு நகர நகர வெளிச்சம் மளமளவென்று குறையும். மெத்தையை இழுத்து ஜன்னலுக்கு மூன்றடியில் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எப்படிப் படுக்கவைப்பது என்பதுதான் முக்கியம். தலை ஜன்னல் பக்கம், கொஞ்சம் சாய்வாக. வெளிச்சம் நெற்றியிலிருந்து இறங்கி, மூக்கின் ஒரு பக்கம் லேசான நிழல் விழ வேண்டும். கால் ஜன்னல் பக்கம் இருந்தால் வெளிச்சம் மோவாயிலிருந்து மேலே ஏறும், டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடித்து நாம் பேய் காட்டுவோமே, அந்த மாதிரி. இதைப் பழகப் பிள்ளை வேண்டாம். சமையலறையிலிருந்து ஒரு தேங்காயைக் குடுமியோடு கொண்டுவந்து மெத்தையில் வைத்து, சுற்றிச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, எந்தக் கோணத்தில் அது உருண்டையாகத் தெரிகிறது, எதில் தட்டையாகிறது என்று பத்து நிமிடத்தில் பிடிபடும். தேங்காய் அழாது, ஈரமும் பண்ணாது.

அடுத்தது, எதிர் சொசைட்டிச் சுவர். அது என்ன நிறம்? வெள்ளை, க்ரீம் என்றால் யோகம். அந்தச் சுவரில் வெயில் அடிக்கிற நேரத்தில் அது முழுக்க ஒரு பெரிய விளக்காகி உங்கள் ஜன்னலுக்குள் திருப்பி அனுப்பும். இந்த ஊரில் பாதி வீட்டுக்கு எதிர்வீட்டுச் சுவர்தான் சூரியன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற நாட்களில், எந்த மணிக்கு அங்கே வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஸ்டுடியோ நேரம். சுவர் ரோஸ் நிறமென்றால் பிள்ளையும் ரோஸாக வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வடக்குப் பார்த்த ஜன்னல்தான் நல்லது, நேர்வெயிலே வராது என்று வெளிநாட்டுப் பாடங்களில் சொல்வார்கள். மும்பையில் மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசிவரை மதியச் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் இருக்கிறது. பாடம் எழுதியவர் முலுண்டுக்கு வந்ததில்லை. நேர்வெயில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதில் பிள்ளையைப் போடாதீர்கள், கண் கூசும், தோலும் தாங்காது.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் ரொம்பக் கறுத்துப்போனால், துவைத்த வெள்ளை வேட்டியை நாற்காலி முதுகில் விரித்து அந்தப் பக்கம் நிறுத்துங்கள். ரிஃப்ளெக்டர் என்று கடையில் விற்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கரை மட்டும் உள்ளே மடிந்திருக்கட்டும்.

கேமராவில் டிவி மோடு வையுங்கள், மேல் சக்கரத்தில் Tv என்று இருக்கும், ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கலாம். விழித்திருந்தால் 1/250, தூங்கினால் 1/100. வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக்கொள்ளலாம் என்பதற்கான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, மேல் எல்லை 3200. போதாவிட்டால் 6400. கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும், கலங்கிய படத்தை யாராலும் மீட்க முடியாது. வெள்ளைத் துணியில் படுத்திருந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டடிக்கும், எக்ஸ்போஷர் திருத்தத்தில் பிளஸ் ஒன்று ஏற்றுங்கள். மூக்கு பெரிதாவது 18-இல் வைத்துக்கொண்டு முகத்துக்குள் நுழைவதால். 35-க்குத் திருப்பி இரண்டடி பின்னால் போங்கள்.

50 எம்எம் 1.8 நல்ல லென்ஸ்தான். அந்த 1.8 லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது. உங்கள் லென்ஸ் 55-இல் 5.6 வரைதான் திறக்கும், அதைவிட இது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் உங்கள் கேமராவில் அது 80 எம்எம் மாதிரி இழுத்துக் காட்டும். பிள்ளையை முழுசாக எடுக்கப் பின்னால் போய்ப்போய் சமையலறைக்குள் நிற்பீர்கள். ஒரு மாதம் இதிலேயே எடுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

முலுண்ட் அப்பா:

பெரியவரே, நமஸ்காரம். சுவர் க்ரீம்தான்! ஆனால் தாட்பத்ரியை அவிழ்க்க முடியாது. போன வருஷம் கட்டாமல் விட்டு, ஹால் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டது. மழை முடிகிறவரை பிள்ளை நீலமாகவே இருக்க வேண்டியதுதானா?

செம்பூர் அக்கா:

தம்பி, நீலத்தைத்தான் கட்ட வேண்டும் என்று எந்த சொசைட்டியிலும் சட்டமில்லை. ஹார்டுவேர் கடையில் கண்ணாடி மாதிரியும் பால் வெள்ளையிலும் பிளாஸ்டிக் ஷீட் கிடைக்கும். பால் வெள்ளையைக் கட்டுங்கள். தண்ணீரும் வராது, வெயில் வந்தால் வடிகட்டியும் கொடுக்கும். கொடியில் தொங்குகிற கலர் நைட்டியையும் எடுத்துவிடுங்கள், அதன் நிறமும் உள்ளேதான் வரும்.

எனக்குக் கேமரா கிடையாது, இரண்டு பிள்ளைகளையும் போனில்தான் எடுத்தேன். உங்கள் மனைவிக்கும் இது உதவும். முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சூரியன் படம் தெரியும், அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கன்னத்தின் வெளுப்பு அடங்கி, தோலின் நிறம் வரும். படத்தை அம்மாவுக்கு டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வாட்ஸ்அப் நசுக்காது.

பெரியவர் வெளிச்சத்தைச் சொன்னார், நான் பிள்ளையைச் சொல்கிறேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் எடுக்கப் போகாதீர்கள். நெற்றி தவலை மாதிரி மின்னும், அவளுக்கும் தூக்கம் சொக்கும். தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்டபின் ஒரு கால் மணி நேரம் சும்மா காலை ஆட்டிக்கொண்டு கிடப்பாள் பாருங்கள், அதுதான் நேரம். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பிள்ளை வெளிச்சத்தைத் தேடித்தான் கண்ணைத் திருப்பும். அதனால் ஜன்னலை மறைக்காமல் அதன் ஓரமாக உட்கார்ந்து எடுத்தால், கூப்பிடாமலே உங்கள் பக்கம் பார்ப்பாள். கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி வீட்டையே அதிரவைக்க வேண்டியதில்லை.

திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறீர்களா? கேமரா சில நேரம் கண்ணை விட்டுவிட்டு அந்தக் கறுப்புப் பொட்டில் போய் ஃபோகஸ் வைக்கும். என் சின்னவன் படங்களில் பொட்டு மட்டும் கத்தி மாதிரி கூர்மை. ஃபோகஸ் புள்ளியை நீங்களே கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணில் வையுங்கள், பொட்டை அழிக்க வேண்டாம், மாமியார் விட மாட்டார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேலே நின்று எடுக்கும்போது கேமராப் பட்டை கழுத்தில் இருக்கட்டும், தோளில் வேண்டாம். கனமான சாமான், நேர் கீழே பிள்ளை முகம். கிரில் திண்டில் உட்கார வைத்து எடுக்கிற ஆசையும் வேண்டாம். இணையத்தில் வருமே, பிள்ளை இரண்டு கையிலும் மோவாயைத் தாங்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி? அது பெரியவர்கள் தலையையும் கையையும் பிடித்துக்கொண்டு எடுத்த இரண்டு படங்களை ஒட்டுவது. கழுத்து நிற்காத பிள்ளையிடம் அதை முயன்று பார்க்கவே கூடாது. கதிர் கதிராக வெளிச்சம் வரட்டும் என்று சாம்பிராணி போடச் சொல்கிறவர்களும் உண்டு. பிள்ளை மூச்சுவிடுகிற இடத்தில் புகை எதற்கு?

தாராவி தம்பி:

அக்கா, ராத்திரி எப்படி எடுப்பது? எனக்கு ஷிஃப்ட் முடிந்து வரவே ஒன்பது ஆகிறது, அண்ணன் பையனை எடுக்கணும்.

செம்பூர் அக்கா:

ராத்திரி அவன் தூங்கட்டும் தம்பி. வாரம் ஒரு லீவு வருமில்லையா, அன்று காலையில் எடு.

முலுண்ட் அப்பா:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதல் இரண்டு நாள் தேங்காயைத்தான் எடுத்தேன். கார்டில் 64 தேங்காய்ப் படம் இருக்கிறது. மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மூன்றாவது நாள் அந்தத் தேங்காய் சட்னியாகிவிட்டது. பால் வெள்ளை ஷீட் வாங்கி நானும் வாட்ச்மேனும் சேர்ந்து கட்டினோம். எதிர்ச் சுவரில் வெயில் காலை பத்தேகாலிலிருந்து பதினொன்றே முக்கால்வரை அடிக்கிறது, அதுவும் மழை விட்டால்தான். நாலு நாள் விடவே இல்லை. ஐந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு ஹாலே மாறிப்போனது. இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, அந்த நேரத்தில் நான் ஒருநாளும் அந்த மூலையைப் பார்த்ததில்லை.

முப்பது படம் எடுத்தேன். இருபத்தேழு வீண்: கை உள்ளே வந்தது, தலையைத் திருப்பினாள், இரண்டில் ஃபோகஸ் நேராகப் பொட்டில் (அக்கா!). மூன்று நன்றாக வந்தன. ஒன்று ரொம்ப நன்றாக. வேட்டிக் கரை மட்டும் ஓரத்தில் பச்சையாகத் தெரிகிறது, மடிக்க மறந்துவிட்டேன்.

டாக்குமென்ட்டாக அம்மாவுக்கு அனுப்பினேன். கால் மணி நேரம் சத்தமே இல்லை. பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் போன். "கண்ணுக்குள்ள கட்டம் கட்டமா ஜன்னல் தெரியறதுடா, ஒரு ஓரத்துல கறுப்பா யாரோ குந்திண்டு இருக்கா, யாரது?"

நான்தான் என்றேன்.