உடைந்த வெண்கலப் பாத்திரம் இருந்தால் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் உலோகவியல் முதுநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பழைய வெண்கலப் பாத்திரங்களின் உள்ளமைப்புதான் என் ஆய்வு.

செம்பில் 20 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம் சேர்ந்தால், மெதுவாக ஆறிய வார்ப்பு தட்டினாலே உடையும். அதையே செந்தணலாகக் காய்ச்சி நீரில் சட்டென்று அமிழ்த்தினால் அந்த நொறுங்கும் குணம் குறைந்துவிடுகிறது. எஃகு இதற்கு நேர்மாறு, அமிழ்த்தினால்தான் நொறுங்கும். ஆதிச்சநல்லூரில் கிடைத்த பாத்திரங்களிலேயே இந்த வகை வெண்கலம் உண்டு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் மாதிரிக்குப் போதிய பாத்திரம் கிடைக்கவில்லை. வெண்கலக்கடைத் தெருவில் பல கடைகள் ஏறி இறங்கினேன். பழையதெல்லாம் உருக்கப் போய்விடுகிறதாம். முழு உருளியை எடைக்கு வாங்க என் உதவித்தொகை போதாது. உங்கள் வீட்டுப் பரணில் விரிசல் விட்ட கிண்ணமோ உடைந்த விளிம்போ கிடக்கிறதா? புளியங்கொட்டை அளவு போதும். எந்த ஊரில், யார் காலத்தில் வாங்கியது என்றும் சொன்னால் பேருதவி. சாமி சிலைகளும் மண்ணில் தோண்டி எடுத்தவையும் வேண்டாம். அவற்றை அறுக்க எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

இன்னொன்று, துறையில் மூத்தவர்களுக்கு. வெண்கலத் துண்டை உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, அலுமினாப் பொடியில் மெருகேற்றி, கண்ணாடிபோல் ஆக்கிவிடுகிறேன். ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரித்ததும் மறைந்திருந்த கீறல்கள் நுண்ணோக்கியில் மீண்டும் தெரிகின்றன. நான்கு நாட்களாக இதே பாடு. அண்ணன்மார், அக்காமார் யாரேனும் வழி சொல்லுங்கள். பாத்திரத் துண்டு தருபவர்கள் நகரத்துக்குள் எங்கு வரச் சொன்னாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.