பழைய பிஎஸ்/2 கீபோர்டை யுஎஸ்பியில் ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. 1990களில் வந்த கீபோர்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நல்ல கனம், தட்டினால் டக் டக்கென்று சத்தம், ஆறு ஊசி கொண்ட வட்டமான பிஎஸ்/2 முனை. புது கம்ப்யூட்டரிலோ யுஎஸ்பி மட்டும்தான்.

விரல் நுனி அளவு அடாப்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். செருகியதும் நம் லாக் (Num Lock), கேப்ஸ் லாக் விளக்குகள் ஒரு முறை மின்னி அணைகின்றன, அதோடு சரி. ஓர் எழுத்துகூட விழவில்லை. மின்சாரம் போகிறது, தகவல் போகவில்லை என்று தெரிகிறது. இந்தச் சின்ன அடாப்டர்கள் வெறுமனே கம்பியை மாற்றிக் கொடுப்பவை. பிஎஸ்/2, யுஎஸ்பி என இரண்டு முறையும் தெரிந்த கீபோர்டுகளுக்கே உதவும். என்னுடையது யுஎஸ்பி வருவதற்கு முந்தையது. ஆக, உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர்தான் வேண்டும்.

அதில்தான் குழப்பம். பழைய கீபோர்டுகள் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் இழுக்கும் என்கிறார்கள். மலிவான கன்வெர்ட்டர் அதைத் தாங்குமா? வேகமாகத் தட்டும்போது எழுத்து விட்டுப்போகிறதா? கம்ப்யூட்டர் துவங்கும்போதே, விண்டோஸோ லினக்ஸோ ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் (BIOS) அமைப்புத் திரையில் வேலை செய்கிறதா? எனக்கு இது ரொம்ப முக்கியம்.

அப்புறம் ஒன்று, இதில் விண்டோஸ் விசையே கிடையாது. கேப்ஸ் லாக்கை அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் (அதை யார்தான் பயன்படுத்துகிறார்கள்!). லினக்ஸில் இப்படிச் செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

புது கீபோர்டு வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.