தாத்தாவின் எலும்பில் என்ன மிஞ்சியிருக்கும்?

காரிமங்கலம் சித்தப்பா, 7:12: ராயக்கோட்டைக்காரரின் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. தாமும் அப்பாவின் மகன்தான் என்றும், மாந்தோப்பில் பங்கு வேண்டும் என்றும், டி.என்.ஏ. சோதனைக்குத் தயார் என்றும் எழுதியிருக்கிறார்.

பென்னாகரம் அத்தை, 7:15: நான் உயிரோடு இருக்கும்வரை அப்பாவின் குழியைத் தோண்ட விடமாட்டேன்.

ஓசூர் அண்ணன், 7:16: புதைத்து 12 ஆண்டுகள் ஆகின்றன. இனி அதில் என்ன இருக்கும்?

பெரியப்பா, 7:31: இருக்கும். டி.என்.ஏ. என்பது முறுக்கிவிட்ட நூலேணி போன்றது. சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறிக் கோத்த இரண்டு இழைகள் அதன் கால்கள். படிகளில் அடினைனுக்கு எதிரே தைமினும், குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் நிற்கும். முன்னதை 2 ஹைட்ரஜன் பிணைப்புகளும் பின்னதை 3 பிணைப்புகளும் பிடித்திருக்கும். 1953இல் வாட்சனும் கிரிக்கும் இந்த வடிவத்தை வெளியிட, ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ்கதிர்ப் படம்...

ஓசூர் அண்ணன், 7:33: பெரியப்பா, நான் கேட்டது எலும்பைப் பற்றி.

பெரியப்பா, 7:44: அங்கேதான் வருகிறேன். டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ.வாக இருந்தால் எப்போதோ சிதைந்திருக்கும். அதன் சர்க்கரையான ரைபோஸின் 2ஆம் கார்பனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது; அதுவே பக்கத்துப் பாஸ்பேட் பிணைப்பைத் தாக்கி இழையை அறுத்துவிடும். டி.என்.ஏ.வின் சர்க்கரையில் அந்த இடத்தில் ஆக்சிஜன் இல்லை, வெறும் ஹைட்ரஜன்தான். என் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போன்ற காரத்தில் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகும், டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியுமே தவிர எளிதில் அறுபடா. மண்ணின் ஈரமும் வெப்பமும் காலப்போக்கில் அதையும் நறுக்கும் என்றாலும், பல்லிலும் தொடை எலும்பிலும் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு.

சித்தி, 7:46: மாமா, கொரோனாவின்போது மூக்கில் குச்சி விட்டார்களே, அதுவும் இதுதானா?

பெரியப்பா, 7:49: அது வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடியது. எளிதில் சிதையும் என்பதால் மாதிரியைக் குளிரில் வைத்துக் கொண்டுபோய், முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுத்த பிறகே பார்த்தார்கள்.

பென்னாகரம் அத்தை, 7:50: அண்ணா, குழியைப் பற்றிச் சொல்லுங்கள்.

பெரியப்பா, 7:58: குழியைத் தொடவே வேண்டாம் அம்மா. ஆண்களிடம் இருக்கும் டி.என்.ஏ. பொதியான ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறத்தாழ அப்படியே வரும். என் கன்னத்தின் உட்புறத்தையும் தம்பியின் கன்னத்தையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்து, குறிப்பிட்ட இடங்களில் படிகளின் சிறு தொடர்கள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று எண்ணி, அவருடையதோடு ஒப்பிட்டால் போதும்.

பென்னாகரம் அத்தை, 7:59: சோதனைக்கும் ஆண்பிள்ளைகளே போதுமாம். பங்கு பிரித்தபோதும் இதையேதான் சொன்னீர்கள். இந்த ஆண்டு செந்தூரா ஒரு கூடைகூட பென்னாகரத்துக்கு வரவில்லை.

காரிமங்கலம் சித்தப்பா, 8:01: பொருந்திவிட்டால் என்ன செய்வது?

பெரியப்பா, 8:04: பொருந்தினாலும் அப்பாவின் மகன் என்று முடிவாகாது. அதே ஒய் குரோமோசோம்தான் அப்பாவின் தம்பியான மத்தூர் சித்தப்பாவிடமும் இருந்தது.

பென்னாகரம் அத்தை, 8:05: அவர் ராயக்கோட்டையில் எத்தனை ஆண்டுகள் கடை வைத்திருந்தார் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

*பெரியப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்.*

ஓசூர் அண்ணன், 8:09: நான் படித்துவிட்டேன் பெரியப்பா.

காரிமங்கலம் சித்தப்பா, 8:12: செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பார்க்கலாம். அதுவரை யாரும் ராயக்கோட்டைக்குப் போன் செய்ய வேண்டாம்.

பென்னாகரம் அத்தை, 8:13: நான் நேற்றே பேசிவிட்டேன்.