1803இல நடக்கிற கதைக்குள்ள ‘லூசன்’ எண்டு ஏசலாமோ?

முறிப்பான்:
நான் எழுதுறது வன்னி அரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரன்ர முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்ச காலத்துக் கதை, 1803. கற்சிலைமடுப் பக்கம் வாய்க்கால் தண்ணிக்கு ரெண்டு பேர் சண்டை. ஒருத்தன் மற்றவனை ‘லூசன்’ எண்டுறான். வாசிச்ச சிநேகிதன் அந்த ஒரு சொல்லோட கதை விழுந்திட்டுது எண்டுறான். அப்ப எப்பிடி ஏசியிருப்பினம்?

பாலையடி:
லூசு இங்கிலிஸ் சொல்லெல்லோ, அப்ப வெள்ளைக்காரன் வந்து ஏழெட்டு வருசம்தான், வயல்காரன்ர வாயில வராது. விசரன், பேயன், மூதேவி போடுங்கோ. குறுக்கால போவான், கோதாரியில போவான், பாடையில போவான்... என்ர அம்மம்மா பயிருக்க வாற மாட்டையும் இப்பிடித்தான் ஏசுவா.

கந்தோர்:
தம்பி, அம்மம்மா 1930இல பிறந்தவ எண்டு வைச்சாலும் நடுவில நூறு வருசத்துக்கு மேல கிடக்கு. கோதாரி எண்டா எங்கட ஆக்களுக்கு வாந்திபேதி, அந்தக் கொள்ளைநோய் வங்காளத்தில கிளம்பினதே 1817இல, பிறகுதான் இஞ்ச வந்தது. 1842இல வந்த மானிப்பாய் அகராதியைப் பாருங்கோ, கதைக்கு 39 வருசம்தான் பிந்தினது. அதில இல்லாததைத் தொடாதேங்கோ.

பாலையடி:
அண்ணை, 58,500 சொல் இருக்கெண்டாலும் அது பண்டிதர் தொகுத்தது, வரம்பில நிண்டு சண்டை கேட்டு எழுதினதில்லை. அகராதியில இல்லையெண்டா சனத்தின்ர வாயிலயும் இல்லையோ? கோதாரிக்கு நீங்கள் சொல்லுறதை ஒத்துக்கொள்ளுறன், ‘கொள்ளையில போவான்’ எண்டு மாத்தலாம். அம்மை அப்பவும் ஆக்களைக் கொண்டுபோனதுதான், அம்மைப்பால் எண்ட தடுப்பூசி இலங்கைக்கு வந்ததே 1802. ஆனா அம்மையை ஏச்சா எழுதாதேங்கோ முறிப்பான், வற்றாப்பளைக் கண்ணகி அம்மனைக் கும்பிடுற எங்கட வீட்டில அம்மாள் வருத்தத்தைச் சொல்லி எதிரியைக்கூட ஏசமாட்டினம்.

வன்னிச்சி:
ரெண்டு பேரும் பெரிய விசயத்தை விட்டிட்டியள். அந்தக் காலத்து ஏச்சில சாதிப்பேர் இல்லாமலோ? அதை விட்டா கதை பொய்.

பாலையடி:
அக்கா, அந்தச் சொல்லுகளை வாங்கினது என்ர பூட்டன் ஆக்கள். சண்டை சூடாகட்டும் எண்டதுக்காக அச்சில திருப்பி வரவேண்டாம்.

வன்னிச்சி:
விளங்குது தம்பி. ஆனா ஒழிச்சா அப்பிடி ஒண்டு நடக்கவேயில்லை எண்டு ஆகிடும். ஏசினவனைக் காட்டுறதோட நிக்காம, வாங்கினவன் அண்டிரவு சோத்தை முன்னால வைச்சுக்கொண்டு இருந்ததையும் எழுதட்டும், அப்ப நான் ஏற்பன்.

கந்தோர்:
நான் சொல்ல வந்தது இன்னொண்டு. எங்கட தமிழில கெட்ட சொல் இல்லாமலே ஏசலாம். நீங்கள் எண்டு கதைக்கவேண்டிய ஆளை நீர் எண்டா முகம் கறுக்கும், நீ எண்டா மண்வெட்டி எழும்பும். ஆள் முன்னால நிக்க, பக்கத்தில நிக்கிறவனிட்ட ‘உவன் ஆர் கேக்க?’ எண்டு பாருங்கோ. ‘வாருங்கோ, வாரும், வா’, இந்த மூண்டுக்குள்ளயே ஆரின்ர காணி, ஆர் கூலி எண்டெல்லாம் இருக்கு. அதைப் பிழையா எழுதினா எந்தப் பழைய சொல்லைப் போட்டும் பிரியோசனமில்லை.

முறிப்பான்:
இதை நான் யோசிக்கேல்ல அண்ணை, ரெண்டு பேரையும் முதல் வரியிலயே ‘டேய்’ எண்டு தொடங்க விட்டிட்டன். இப்ப ‘நீர் ஏன் வாய்க்காலை மறிச்சனீர்?’ எண்டு ஒருத்தன் கேக்கிறான், மற்றவன் ‘நீ ஆரடா கேக்க?’ எண்டுறான். கொள்ளையில போவானைக் கடைசிக்கு வைச்சிருக்கிறன். சாதிப்பேர் இன்னும் எழுதேல்ல.

பாலையடி:
எழுதினா முதல் எனக்கு வாசிக்கத் தாங்கோ.