டர்பன்-வெஸ்ட்வில் பட்டத்தைக் கொரியாவில் மெய்ப்பிப்பது எப்படி?

செட்ஸ்வொர்த் வாசகி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகி வருகிறேன். அதற்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் குடிமக்களோடு தென்னாப்பிரிக்கர்களுக்கும் கிடைக்கும் என்பதும், இளங்கலைப் பட்டம் கட்டாயம் என்பதும் எனக்குத் தெரியும். பட்டம் இருக்கிறது, அதை மெய்ப்பிப்பதில்தான் சிக்கல்.

நான் 2001-இல் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு பி.ஏ. பட்டம் பெற்றேன். அந்தப் பல்கலைக்கழகம் 2004 ஜனவரி 1 அன்று நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆள் சேர்க்கும் முகவரோ, தம் கையில் உள்ள பட்டியலில் டர்பன்-வெஸ்ட்வில் என்ற பெயரே இல்லை என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பட்டச் சான்றிதழில் என் தந்தையின் குடும்பப் பெயரும், கடவுச்சீட்டில் என் கணவரின் குடும்பப் பெயரும் இருப்பது இரண்டாவது தொல்லை. இவற்றோடு, காவல் நிலையத்தில் முத்திரை வைத்துத் தரும் சான்றிட்ட நகல் போதுமா, சாக்கா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தின் கடிதமும் வேண்டுமா, அப்போஸ்டில் என்பதை யாரிடம் பெறுவது என்பவற்றையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவகப் பெரியவர் எழுதியது:

வணக்கம் அம்மா. பல்கலைக்கழக மாணவர் பதிவகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பட்டத்தை மெய்ப்பிப்பது என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பட்டம் இவருக்கு உண்மையில் வழங்கப்பட்டதா என்பது ஒன்று. இந்தத் தாளில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவையா என்பது மற்றொன்று. இந்தப் பட்டம் வேலை தரும் நாட்டில் எந்த நிலைக்குச் சமம் என்பது மூன்றாவது; அது அந்த நாட்டைப் பொறுத்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் அலுவலகம் வேறு, ஆகவே கேட்பவர் எந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்று அறிந்துகொள்ளாமல் பணத்தைச் செலவிடாதீர்கள்.

முதல் கேள்விக்கு நம் நாட்டில் பதில் சொல்வது சாக்கா. தேசியக் கற்போர் பதிவுத் தரவுத்தளம் அவர்களிடம் இருக்கிறது. அதில் ஏறாத பழைய பட்டங்களுக்கு அவர்கள் பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலே அப்போஸ்டில். 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பத்து வரிகள் கொண்ட அந்தச் சான்று, கையொப்பமிட்டவர் யார், எந்தப் பதவியில் கையொப்பமிட்டார், முத்திரை யாருடையது என்பவற்றை மட்டுமே சொல்லும். தாளில் எழுதியிருப்பது உண்மையா பொய்யா என்று அது ஒருபோதும் சொல்லாது. படித்தவர்கள்கூட இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். தென்னாப்பிரிக்கா அந்த உடன்படிக்கையில் 1995 முதலும் கொரியா 2007 முதலும் இருப்பதால், இங்கே பெறும் அப்போஸ்டிலுக்குப் பின் கொரியத் தூதரகத்திடம் தனியாக முத்திரை பெற வேண்டியதில்லை.

அப்போஸ்டில் பெற இரண்டு வழிகள் உள்ளன. மூலச் சான்றிதழையே கொடுத்து, முதலில் சாக்காவின் சரிபார்ப்பு, அடுத்து உயர்கல்வி மற்றும் பயிற்சித் துறையின் ஒப்புதல், கடைசியாகப் பிரிட்டோரியாவில் டிர்கோ என்று எல்லோரும் சொல்லும் வெளியுறவுத் துறையின் சட்ட ஒப்புதல் பிரிவு என்று படிப்படியாகப் போவது ஒரு வழி. மூலச் சான்றிதழை நோட்டரி ஒருவரிடம் காட்டி, அவர் தம் முத்திரையோடு உறுதிசெய்து தரும் நகலை, அவருடைய கையொப்பம் பதிவாகியுள்ள உயர் நீதிமன்றத்தில் கொடுத்து அப்போஸ்டில் பெறுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் அலைச்சல் குறைவு, டர்பனிலேயே முடித்துவிடலாம். ஆனால் நோட்டரியின் நகலுக்கு இடப்படும் அப்போஸ்டில் நோட்டரியின் கையொப்பத்தைத்தான் உறுதி செய்கிறது, பட்டத்தில் உள்ள பல்கலைக்கழகப் பதிவாளருடையதை அன்று; அதை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு என்பதால் முகவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் நிலைய நகலை இந்தக் காரியத்துக்கு மறந்துவிடுங்கள். அங்கே முத்திரை வைப்பவர் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது உறுதிமொழி பெறும் அலுவலர், என்ற தகுதியில் வைக்கிறார். உள்நாட்டில் வேலைக்கும் வங்கிக்கும் அது செல்லும், ஆனால் அதன் மேல் அப்போஸ்டில் கொடுக்க மாட்டார்கள். நோட்டரி என்பவர் அந்தப் பணிக்கென்று தனியாக உயர் நீதிமன்றத்தில் அனுமதி பெற்ற வழக்கறிஞர். எல்லா வழக்கறிஞரும் நோட்டரி அல்லர்.

இனி வெஸ்ட்வில் பற்றி. சாலிஸ்பரித் தீவில் 1961-இல் இந்தியர்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரி, 1972-இல் வெஸ்ட்வில் குன்றுக்கு இடம் மாறிப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கதை இங்கே பல குடும்பங்களின் கதை. அது பட்டியலில் இல்லை என்று ஒருவர் சொல்வது எனக்கே வருத்தமாக இருக்கிறது. இருந்தாலும் சட்டப்படி உங்களுக்குக் குறை எதுவும் இல்லை. 1997-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் நடந்த இணைப்பு அது. பழைய நிறுவனத்தின் உரிமைகளும் கடமைகளும் புதியதற்கு வந்துவிட்டன. எனவே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகப் பதிவகத்துக்கு எழுதி, தன் கடிதத்தாளில் இன்னார் இன்ன ஆண்டு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், அதன் சட்டபூர்வ வாரிசு நாங்களே, பதிவேடுகள் எங்களிடம் உள்ளன என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் குறிப்பிடும்படி கேளுங்கள். மதிப்பெண் பட்டியலை மூடி முத்திரையிட்ட உறையில் கேளுங்கள். சான்றிதழை மட்டும் யாரிடமும் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தொலைந்தால் அதே வடிவில் இன்னொன்று கிடைப்பது அரிது.

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை எழுதியது:

பெரியவர் சொன்னதோடு, பெயர் பற்றி நான் சேர்க்கிறேன். நானும் திருமணத்துக்குப் பின் கொரியாவில் கற்பித்துவிட்டுத் திரும்பியவள். பெயர் மாறியதற்குப் பிரமாண வாக்குமூலம் ஒன்று எழுதிக்கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது உங்கள் வாய்மொழியைத் தாளில் பதிவது மட்டுமே. இரண்டு குடும்பப் பெயர்களையும் ஒரே தாளில் காட்டும் அரசு ஆவணம் ஹோம் அஃபேர்ஸ் எனப்படும் உள்துறை வழங்கும் முழுவிவரத் திருமணச் சான்றிதழ். சுருக்கச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் முழுவிவரப் படிவத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிட வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாத் தாள்களையும்விட இது தாமதமாகும் வாய்ப்பு அதிகம். அதற்கும் டிர்கோவில் அப்போஸ்டில் பெறுங்கள்.

காவல்துறை நற்சான்றையும் மறக்க வேண்டாம். பிரிட்டோரியாவிலுள்ள குற்றப் பதிவு மையம் விரல் ரேகையைப் பார்த்து வழங்கும் அந்தச் சான்றில் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் குறிப்பிடும்படி விண்ணப்பத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பட்டமும் கடவுச்சீட்டும் ஒருவருடையவையே என்பதற்கு இன்னொரு அரசுத் தாள் துணையாகிறது. ஆனால் அந்தச் சான்று நாளானால் செல்லாது என்பதால் அதைக் கடைசியில் எடுங்கள்; பட்டமும் திருமணச் சான்றிதழும் பழையனவாவதில்லை.

நம்மவர்களுக்கு எழுத்துக்கூட்டல் தொல்லையும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பட்டத்தில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர்களை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஓர் எழுத்து வேறுபட்டாலும் முகவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஜோஹன்னஸ்பர்க் அன்பர் எழுதியது:

என் நிலை சற்று வேறு. நான் தமிழ்நாட்டில் பட்டம் பெற்றுப் பிறகு இங்கே குடியுரிமை பெற்றவன். இந்தியப் பட்டத்துக்கு அப்போஸ்டில் இந்தியாவில்தான் கிடைக்கும். சென்னையில் மாநில உயர்கல்வித் துறையின் மெய்ச்சான்றும், அதன் பின் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் வேண்டியிருந்தன. இங்கே நோட்டரி நகல் எடுத்து உயர் நீதிமன்றத்தில் அப்போஸ்டில் பெற்றுத் தருவதாகச் சில இடைத்தரகர்கள் சொன்னார்கள். அயல்நாட்டுப் பட்டத்துக்கு அப்படிப் பெற்ற தாளைப் பெறும் நாடு மறுத்துவிடக்கூடும் என்பதால் நான் அதில் இறங்கவில்லை.

ஒரு கருத்தில் மட்டும் பெரியவரோடு மாறுபடுகிறேன். கேட்கிறார்களோ இல்லையோ, சாக்காவின் கடிதத்தை எல்லோரும் எடுத்து வைத்துக்கொள்வதே நல்லது. 2019-ஆம் ஆண்டின் தேசியத் தகுதிக் கட்டமைப்புத் திருத்தச் சட்டம் பொய்யான தகுதி காட்டுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்திருக்கும் காலத்தில், சரிபார்த்த கடிதம் கையில் இருப்பவர் எங்கேயும் நிமிர்ந்து நிற்கலாம்.

பதிவகப் பெரியவர் எழுதியது:

தம்பி சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் உங்களுக்கு அது அவசரமா என்பது நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிர்கோ வழியானால் சாக்கா இல்லாமல் நகராது. நோட்டரி வழியில், முகவர் கேட்காதவரை அது கூடுதல் செலவு. வெஸ்ட்வில் என்ற பெயரையே ஐயப்படும் ஒருவரிடம் மட்டும் சாக்காவின் கடிதம் பேச்சை முடித்துவிடும் என்பதால், உங்கள் நிலையில் நானும் எடுக்கத்தான் சொல்வேன். பட்டியல் அவருடையது, பட்டத்தின் மெய்மையை உரைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

நாடு மாறினால் வழியும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். சீனாவில் ஹேக் உடன்படிக்கை 2023 நவம்பர் 7 முதல் நடைமுறையில் இருப்பதால் அங்கேயும் இப்போது அப்போஸ்டில் செல்லும். அதற்கு முன் எழுதப்பட்ட அறிவுரைகள் தூதரக முத்திரை கேட்கும், அவற்றை நம்பிச் செலவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போவதென்றால் டிர்கோவுக்குப் பின் பிரிட்டோரியாவிலுள்ள அவர்கள் தூதரகத்திலும் ஒப்புதல் பெற வேண்டும்.

செட்ஸ்வொர்த் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன், முழுவிவரத் திருமணச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கிறேன். இன்னொரு செய்தி: தென்னாப்பிரிக்கர்கள் ஏழாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்ததையும் காட்ட வேண்டும் என்று முகவர் இப்போது சொல்கிறார். நான் 1997-இல் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்தவள். சான்றிதழில் சஃப்செர்ட் என்ற பெயர் இருக்கிறது, அதுவும் இன்று இல்லாத அமைப்புதானே? பள்ளியில் தமிழும் ஆப்பிரிக்கான்ஸும் படித்தேன் என்பது குழப்பம் தருமா?

மாரிட்ஸ்பர்க் ஆசிரியை எழுதியது:

குழப்பம் தராது, தங்கையே. அவை நீங்கள் படித்த பாடங்கள். கேட்கப்படுவது பயிற்று மொழி. சஃப்செர்ட்டின் இடத்துக்கு வந்ததே உமலூசி. மெட்ரிக் சான்றிதழை உறுதிப்படுத்தும் கடிதம் அவர்களிடம் கிடைக்கும். ஆனால் பயிற்று மொழிக்குத் தலைமையாசிரியரின் கடிதமே வேண்டும், அதில் வகுப்புகளும் ஆண்டுகளும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இங்கே பலர் உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் போய்க் கடிதம் வாங்கி வந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் உயர்நிலைப் பள்ளி எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஏழாம் வகுப்பு தொடக்கப் பள்ளியைச் சேர்ந்தது. ஆகையால் 1992-இல் நீங்கள் படித்த தொடக்கப் பள்ளியிலிருந்து ஒரு கடிதமும், உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒன்றும், பட்டப் படிப்பும் ஆங்கிலத்தில் நடந்தது என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒன்றும் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஏற்கெனவே எழுதிவிட்டதால், அந்த ஒரு வரியையும் அதே கடிதத்தில் சேர்க்கும்படி இன்றே கேட்டுவிடுங்கள். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன் மற்ற இரண்டையும் நேரில் போய் வாங்கிவிடலாம்.