மரை கேஜ் தேறியது என்றது, போல்ட்டோ பிடுங்கிக்கொண்டு வந்தது

கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் தரப் பரிசோதனை என் பொறுப்பு. வெளியே கொடுத்து மரை போட்டு வாங்கிய இரும்பு மூடிகளில், எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட்டை முறுக்கும்போது சில மரைகள் போல்ட்டோடு பெயர்ந்து வந்தன. அந்தச் சரக்கு முறைப்படி பரிசோதிக்கப்பட்டதுதான். துளைக்குள் திருகி அளவு பார்க்கும் மரை பிளக் கேஜின், உள்ளே போக வேண்டிய 'கோ' பக்கம் விரலால் திருப்பியதுமே முழு ஆழமும் இறங்கியது, போகக் கூடாத 'நோ-கோ' பக்கம் இரண்டு சுற்றுக்குள் நின்றுவிட்டது.

காரணம் டிரில்லில் இருந்தது. 1.25 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) கொண்ட எம்8 மரைக்கு 6.8 மி.மீ. டிரில் போட வேண்டும். 6எச் என்ற வழக்கமான அளவுத் தரத்தில் மரையின் உள்விட்டம் 6.647 முதல் 6.912 மி.மீ. வரை இருக்கலாம். மரை போட்டவர்கள் 7 மி.மீ. டிரில் போட்டிருந்தார்கள். 'நோ-கோ' மரை கேஜ் பிட்ச் விட்டத்தை, அதாவது மரைச் சரிவின் நடுவில் எடுக்கும் விட்டத்தை மட்டுமே சோதிக்கும் என்பதால், முகடு குட்டையாகிப் பிடிப்பு குறைந்த மரையும் அதில் தேறிவிடும். உள்விட்டத்தைப் பார்க்க மரையில்லாத சாதாரண பிளக் கேஜ் தனியாக வேண்டும். மரை கேஜுக்குச் செலவு செய்யும் பல பட்டறைகள், விலை குறைந்த இந்தக் கேஜை வாங்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

7 மி.மீ. டிரில் ஏன் போட்டார்கள் என்று விசாரித்தபோது, மரை வெட்டும் கருவியான டேப் அடிக்கடி உடைந்ததால்தான் என்றார்கள். அவை அடி மூடிய துளைகள், அவர்கள் பயன்படுத்தியதோ கன் டேப். கன் டேப், வெட்டும்போது வரும் உலோகச் சுருளை முன்னால் தள்ளும். மறுபக்கம் திறந்த துளைக்கு அதைவிட நல்ல டேப் இல்லை. அடி மூடிய துளையிலோ சுருள் அடியில் திணிந்து டேப்பை இறுக்கிவிடும். சுருளை மேலே இழுத்து வெளியேற்றும் ஸ்பைரல் ஃபுளூட் (சுருள் பள்ளம் கொண்ட) டேப்புக்கு மாறி, மரை நீளத்துக்கு அப்பால் துளையைச் சற்று ஆழப்படுத்தியதும், அதே மூடிகளில் 6.8 டிரில்லே போதுமானதாயிற்று. வார்ப்பிரும்பில் சுருள் வராது, தூள்தான் உதிரும் என்பதால் அங்கே நேர் ஃபுளூட் டேப்பே சரி.

துத்தநாக முலாம் பூசும் உருப்படிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 60 பாகை மரையில் பூச்சின் தடிமனைப் போல் நான்கு மடங்கு பிட்ச் விட்டம் குறையும். 8 மைக்ரான் பூச்சுக்கு 32 மைக்ரான் போய்விடுவதால், கீழ் வரம்பை ஒட்டி வெட்டிய மரையில் முலாமுக்குப் பிறகு 'கோ' இறங்காது. நாங்கள் முலாமுக்கு முன், 6எச்சைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டும் 6ஜி டேப் போட்டு 6ஜி கேஜால் பார்க்கிறோம், முலாமுக்குப் பின் 6எச் 'கோ' கேஜால் பார்க்கிறோம்.

குழாய் மரையில் கூடுதல் கவனம் தேவை. பிரிட்டிஷ் குழாய் மரையான பிஎஸ்பி, அமெரிக்கக் குழாய் மரையான என்பிடி ஆகியவற்றின் அரை அங்குல அளவு இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், ஆனால் முதலாவதன் கோணம் 55 பாகை, இரண்டாவதன் கோணம் 60 பாகை. ஒன்றில் மற்றொன்று சில சுற்று ஏறி இறுகிக்கொள்ளும், தண்ணீர் அழுத்தம் கொடுத்தால் கசியும். பிட்ச் கேஜின் பல் வெட்டிய இலையை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கோணம் பொருந்தாததைக் காட்டும் ஆப்பு வடிவ ஒளி சரிவில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டேப்பை எடுக்கச் சொல்கிறேன்.