ஜீப் ஹீட்டர் ஹோஸ்: ஃபயர்வால் தகட்டுக்குச் சொந்தமாக ஃபிட்டிங் செய்ய வழி?

மலைப்பாதை540:
வணக்கம். ஊட்டியில் ஓடுகிற மஹிந்திரா எம்எம் 540. பனி நாளில் முன்கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொள்வதால் டேஷ்போர்டுக்குக் கீழே வெந்நீர் ஹீட்டர் வைத்தாயிற்று. ஹீட்டர் கோரின் (உள்ளே வெந்நீர் ஓடிச் சூடு தருகிற பகுதி) குழாய் இரண்டும் 16 மி.மீ. இப்போது ஹோஸ்கள் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் க்ரோமெட் வழியாக நேராக உள்ளே போகின்றன. தகட்டு விளிம்பு க்ரோமெட்டை அறுத்து, ஹோஸின் மேல்தோலிலும் கோடு விழுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஹோஸ் மாட்டுகிற மாதிரி ஃபிட்டிங் வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற அரை இஞ்ச் டேங்க் நிப்பிள் போதுமா? ஜிஐ வாங்கவா, பித்தளையா?

பித்தளைப்பட்டறை:
ஜிஐ வேண்டவே வேண்டாம் அண்ணா. அதன் துத்தநாகப் பூச்சு கூலன்ட்டில் இருக்கிற கிளைக்காலோடு சேராது. கரைந்து சேறாகப் படியும். அந்தச் சேறு முதலில் அடைப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களைத்தான். சிபிவிசி பிளாஸ்டிக் ஃபிட்டிங்கையும் மறந்துவிடுங்கள். அது தாங்குவது 93 டிகிரி வரைதான், கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கூலன்ட் அதைத் தாண்டிவிடும். உடைந்தால் கொதிநீர் கொட்டுவது ஓட்டுபவர் காலில்.

பித்தளை டேங்க் நிப்பிள் வேலை செய்யும். அரை இஞ்ச் மரையின் வெளி விட்டம் 21 மி.மீ., தகட்டில் 22 மி.மீ. ஓட்டை போடுங்கள். ஆனால் நிப்பிளின் இரண்டு முனையிலும் ஹோஸ் நிப்பிள் திருக வேண்டும். இரண்டு லைனுக்கும் சேர்த்து நான்கு மரை இணைப்பு, ஒவ்வொன்றும் ஒழுக இடம். கடையில் கிடைக்கிற ஹோஸ் நிப்பிள் பலதில் உள்துளை 10 மி.மீ.தான். 14 மி.மீ. குழாயோடு ஒப்பிட்டால் பரப்பு பாதி. அளந்து பார்த்து வாங்குங்கள்.

செம்புக்குழாய்:
இதைவிட நல்ல வழி ஏசி கடையில் இருக்கிறது. 5 நூல் (5/8 இஞ்ச்) செம்புக் குழாயின் வெளி விட்டம் 15.9 மி.மீ., உங்கள் ஹோஸுக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்காரும். 90 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு போதும். 3 மி.மீ. பித்தளைத் தகடு, 110க்கு 65 மி.மீ. அதில் 16 மி.மீ. ஓட்டை இரண்டு, மையத்துக்கு மையம் 50. இதைவிட நெருக்கினால் ஹோஸ் கிளிப்பின் திருகுத் தலையும் ஸ்க்ரூடிரைவரும் நுழையாது. மூலைகளில் எம்6 போல்ட்டுக்கு நான்கு ஓட்டை.

குழாயைச் சரிபாதியாக நுழைத்து சில்வர் பிரேசிங் (வெள்ளி கலந்த ராடை உருக்கிப் பற்றவைப்பது) செய்யச் சொல்லுங்கள். ஈயப்பற்று கூலன்ட் சூட்டில் உருகாதுதான். ஆனால் எஞ்சின் ஆட்டத்தை ஹோஸ் இழுத்துக்கொண்டே இருக்கும்போது நாளடைவில் விரிசல் விடும்.

முனைக்கு வரம்பு (ஹோஸ் கழலாமல் தடுக்கிற சுற்று மேடு) இல்லாமல் விடாதீர்கள். வழவழப்பான குழாயிலிருந்து ஹோஸ் சூட்டில் இளகி, அழுத்தத்தில் கழன்றுவிடும். ஒன்றரை மி.மீ. செம்புக் கம்பியை முனையிலிருந்து 8 மி.மீ. உள்ளே ஒரே ஒரு சுற்று சுற்றி அதையும் பற்றவைத்து, அரத்தால் உருட்டி, எமரி போட்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். விரலுக்கு உறுத்தினால் ஹோஸின் உள்தோலையும் கீறும். ஃப்ளேரிங் கருவியால் முனையை மலர்த்தினால் போதும் என்பார்கள். அந்த விளிம்பு கத்தி மாதிரி, நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மலைப்பாதை540:
மிக்க நன்றி. பித்தளைத் தகடு கிடைக்காவிட்டால் இரும்புத் தகட்டில் செய்யலாமா? ஏசி மெக்கானிக் பற்றவைக்க வைத்திருக்கிற காப்பர் ராடே போதும் என்கிறார்.

செம்புக்குழாய்:
இரும்புக்கு அந்த ராடு கூடாது. அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. இரும்போடு சேரும் இடம் நொறுங்கும். பார்க்க அழகாகப் பிடித்த மாதிரிதான் இருக்கும், அதிர்வில் விட்டுவிடும். இரும்பு என்றால் வெள்ளி கலந்த ராடும் ஃப்ளக்ஸும் (பற்று நன்றாகப் பிடிக்கத் தடவுகிற பசை) கட்டாயம். பித்தளைக்கு அவருடைய ராடே போதும், ஆனால் ஃப்ளக்ஸ் தடவ வேண்டும். செம்போடு செம்பு சேர்க்கும்போதுதான் ஃப்ளக்ஸ் தேவையில்லை.

மாட்டுவதற்கு முன் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் 20 பிஎஸ்ஐ ஏற்றி வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் மறுபடி சூடாக்கிச் சரிசெய்யுங்கள், எம்-சீல் அப்பாதீர்கள்.

பித்தளைப்பட்டறை:
செம்புக்குழாய் சொன்ன முறையே சரி, நானும் அதற்கே வருகிறேன். ஃபயர்வாலில் ஓட்டையை 28 மி.மீ.க்குப் பெரிதாக்குங்கள், குழாய் பாடித் தகட்டைத் தொடக் கூடாது. ஈரத்தில் செம்பு தொட்ட இடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வெட்டிய விளிம்புக்கு ரெட் ஆக்சைடு, நடுவே 3 மி.மீ. ரப்பர் ஷீட்.

உள்ளே ஃபிட்டிங்கிலிருந்து கோருக்கு 10 செ.மீ.யாவது ஹோஸ் விடுங்கள். எஞ்சின் பக்கம் இரண்டு இஞ்ச் தொய்வு வேண்டும், ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் சாய்வதைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். ஏசி செம்பு மெத்தென்று இருக்கும், கிளிப்பை வெறிகொண்டு முறுக்கினால் குழாய் நெளியும். கிளிப் வரம்புக்கு உள்பக்கம் உட்கார வேண்டும், வரம்பின் மேல் அல்ல. ஹோஸ் இபிடிஎம் ரப்பரில் வாங்குங்கள்.

கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கட்டும், ஹீட்டர் வால்வு முழுக்கத் திறந்திருக்கட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஐடிலில் ஓடவிட்டு, குறையக் குறைய ஊற்றுங்கள். திரும்பி வருகிற ஹோஸ் கையில் சுடவில்லை என்றால் உள்ளே காற்று நிற்கிறது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ஹீட்டரின் மேல் ஹோஸைத் தளர்த்தி வெளியேற்றுங்கள்.